முக்கால் அங்குல ஆசாமியைத் தேடி...

சார், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1988 மே மாதம், மாயவரத்தில், பட்டப்பகலில் ஒருவனைக் கிணற்றில் தள்ளியவன் நான்தான்.

உடனே போலீஸுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். விழுந்தவனின் உயரம் முக்கால் அங்குலம். உடம்பு பிளாஸ்டிக். தொழில்: வில்லன். பொம்மை ஜேம்ஸ்பாண்ட் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பான். பட்டனை அமுக்கினால் கூரை திறக்கும், ஆள் பறப்பான். பறப்பது அவன் வேலை. அமுக்குவது நம் வேலை.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு வம்ச வரலாறு. கப்பலில் வேலை பார்த்த பெரிய மாமா, 1967-ல் இங்கிலாந்திலிருந்து தன் பையன் ரவி அண்ணனுக்காக வாங்கி வந்தார். தங்கக் கலர் ஆஸ்டன் மார்ட்டின். ரவி அண்ணன் வளர்ந்ததும், அவருடைய டவுசர்களோடு சேர்ந்து காரும் என் அண்ணனிடம் வந்தது. அண்ணனிடமிருந்து எனக்கு டவுசர்கள் மட்டும் வந்தன. கார் பீரோ மேலேயே தங்கிவிட்டது. இருபது வருஷத்தில் பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தாலும், ஸ்பிரிங் வேலை செய்தது. ஆளும் இருந்தான்.

அன்று அண்ணன் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். நானும் செல்வமும் ஸ்டூல் போட்டு ஏறிக் காரை இறக்கினோம். செல்வம் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரின் பையன். என் வயது. திண்ணையில் வைத்து மாறி மாறி அமுக்கினோம். செல்வம் வீட்டுக்குப் போன பிறகு, எனக்கு ஒரு விஞ்ஞான ஆசை வந்தது. கிணற்றுச் சுவர் மேல் காரை வைத்து அமுக்கினால் ஆள் எவ்வளவு தூரம் போவான்?

ரொம்ப தூரம் போனான். நேர்கீழாக.

"ஆளு எங்கடா?" என்றான் அண்ணன், வந்ததும்.

"செல்வம்தான் வெச்சு விளையாடிட்டிருந்தான்" என்றேன்.

கவனித்தீர்களா? இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இந்தப் பொய்யின் விசேஷமே அதுதான்.

சாயங்காலம் செல்வத்தின் அப்பா அவனை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் டவுசர் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. இருந்தும், தெரு பார்க்க நாலு அடி வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு செல்வம் எங்கள் கேட்டுக்குள் கால் வைத்ததில்லை. துணி மூட்டையை வெளியிலிருந்தே நீட்டுவான்.

*

காட்சி மாறுகிறது. 2024 அக்டோபர். ஆபீஸில் ஆறு வாரத்துக்கு என்னை இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்கு அனுப்பினார்கள். (கம்பெனி பேர் வேண்டாம். இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.)

பக்கத்து சீட்டு வெள்ளைக்கார நண்பருக்குக் கார் பைத்தியம். ஒரு நாள் லஞ்ச் டயத்தில் ஒரு படம் காட்டினார். சிவப்பு ஃபெராரி 250 ஜிடிஓ. "எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு, யாருடையது?" என்றேன். சிரித்தார். அது நிஜக் கார் இல்லை. பொம்மை!

அப்படிச் சொன்னால் செய்தவர்களுக்குக் கோபம் வருமாம். மாடல் என்று சொல்ல வேண்டும். செய்வது அமால்கம் என்ற கம்பெனி. 1985-ல் அதே பிரிஸ்டலில் ஆரம்பித்தது. நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. அதாவது ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளம். அசல் வரைபடங்களை வைத்து, நிஜக் காரையே ஸ்கேன் எடுத்து, முதல் மாடலை உருவாக்க மட்டும் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கிறார்கள். சீட்டுத் தையலிலிருந்து என்ஜின் வயர் வரை எல்லாம் உள்ளபடி இருக்கும்.

"என்ன விலை?"

"பெரிய மாடல்னா பத்தாயிரம் பவுண்டுக்கு மேலேயே போகும்."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பதினோரு லட்சம் ரூபாய்! அந்தக் காசுக்கு நம்ம ஊரில் நிஜ மாருதி ஒன்றை வாங்கி, குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கவும் மிச்சம் இருக்கும்.

இந்த உலகமே தனி. ஜெர்மனியில் சி.எம்.சி. என்று ஒரு கம்பெனி. பழைய ரேஸ் கார்களைப் பதினெட்டில் ஒரு பங்காகச் செய்கிறார்கள். ஒரே மாடலில் ஆயிரத்துக்கு மேல் பாகங்கள் இருப்பதுண்டு. சக்கரத்தின் கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கையால் கோக்கிறார்கள். அதே ஜெர்மனியில் ஆஃகன் நகரத்தில் மினிசாம்ப்ஸ். இவர்கள் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு மாடல்களுக்குப் பேர் போனவர்கள்.

அதென்ன நாற்பத்து மூன்று என்ற கேனத்தனமான கணக்கு என்று கேட்டேன். ரயில் பொம்மையால் வந்ததாம். அந்தக் கால இங்கிலாந்தில் 'ஓ கேஜ்' ரயில் செட்டுகளுக்கு ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கணக்கு. ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தக் காரும் வேண்டுமே! அதே கணக்கில் செய்தார்கள். வகுத்துப் பாருங்கள், நாற்பத்து மூன்றரை வரும்.

"உனக்கு எந்தக் கார் பிடிக்கும்?" என்றார் நண்பர்.

"ஆஸ்டன் மார்ட்டின். தங்கக் கலர். கூரை திறந்து ஆள் பறப்பானே, அது."

நண்பரின் முகம் எட்டு வயசுக்குப் போய்விட்டது. "கார்கி 261! நீ ஸ்வான்ஸீ போகணும். ரயிலில் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது."

கார்கி என்றதும் ரஷ்ய எழுத்தாளர் மாக்ஸிம் கார்க்கியைக் கொண்டுவராதீர்கள். இது வேல்ஸ் நாட்டுக் குட்டைக் கால் நாய். எலிஸபெத் ராணி வளர்த்த அதே ஜாதி. வேல்ஸில் செய்கிற பொம்மைக் காருக்கு வேல்ஸ் நாயின் பேரை வைத்தார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் பேரிலேயே 'கார்' இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது, பாவம்.

*

சனிக்கிழமை காலை ரயில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் செவர்ன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம். 1886-ல் திறந்தது. ஏழு கிலோமீட்டர் இருட்டு. வெளியே வந்தால் வேல்ஸ். போர்டெல்லாம் இரண்டு மொழியில். வேல்ஸ் மொழி முதலில், இங்கிலீஷ் அப்புறம். ஸ்வான்ஸீக்கு அவர்கள் மொழியில் அபர்டாவே என்று பேர். ரோட்டில் 'மெதுவாகப் போ' என்பதற்கு 'அராவ்' என்று பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் இவ்வளவு பெரிய மொழியை வைத்துக்கொண்டு தங்கள் மொழியை விடாமல் பிடித்திருக்கிறார்களே என்று எனக்குள் இருக்கும் தமிழன் மனசுக்குள் விசில் அடித்தான்.

வழியில் போர்ட் டால்பட் வந்தது. ஜன்னல் முழுக்க இரும்பாலை. நம்ம டாடா! ஆனால் அந்தப் பிரம்மாண்டத்தில் உயிர் இல்லை. கடைசி ஊது உலையை 2024 செப்டம்பர் 30-ம் தேதிதான் அணைத்திருந்தார்கள். எதிர் சீட்டுப் பெரியவர் தொப்பியைச் சரிசெய்வதுபோல் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார். தொழிற்சாலை மூடிய ஊர்க்காரர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

ஸ்வான்ஸீயில் இறங்கினால் மழை. சாதாரண மழை இல்லை. சீரியல் மாதிரி விட்டு விட்டு, ஆனால் முடியாமல் பெய்கிற மழை. பிரிட்டனிலேயே மழை அதிகமான நகரங்களில் இதுவும் ஒன்று. குடை வாங்கினேன். காற்றடித்தது. இரண்டாவது குடை வாங்கினேன்.

கார்கி தொழிற்சாலை இருந்த இடம் ஊருக்கு வெளியே, ஃபாரெஸ்ட்வாக் என்ற பகுதி. பஸ் பிடித்துப் போனேன். மனசுக்குள் ஒரு கற்பனை. பழைய செங்கல் கட்டடம், வாசலில் நாய்ச் சின்னம், உள்ளே மியூஸியம், ஒரு தாத்தா டிக்கெட் கிழிப்பார்...

இறங்கிப் பார்த்தால் பெரிய பெரிய கடைகள், ஷெட்டுகள், கார் நிறுத்தும் மைதானம். யாரிடமோ கேட்டேன். "மெட்டாய் ஃபாக்டரியா? அதெல்லாம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சே" என்று கையை ஒரு வட்டமாகச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனார். அந்த வட்டத்துக்குள் நிஜக் கார்கள் மட்டும் நூறு நின்றன. பொம்மைக் கார் ஒன்றுகூட இல்லை.

முப்பத்தாறு வருஷத்து உறுத்தலைச் சுமந்து வந்தவனை மழையில் நிறுத்தியது போதாதா? திரும்பி ஊருக்குள் வந்து, ஸ்வான்ஸீ மார்க்கெட்டில் புகுந்தேன். மேலே கூரை போட்ட பெரிய சந்தை. நம்ம ஊர் மட்டி மாதிரி குட்டிச் சிப்பிகளை அள்ளிப் போட்டு விற்கிறார்கள். கடல்பாசியைக் கூழாக்கி 'லேவர் பிரெட்' என்று வைத்திருக்கிறார்கள். பேரில்தான் பிரெட். பார்வைக்குப் புதினாத் துவையல். நான் டீ மட்டும் கேட்டேன்.

டீ போட்ட பெண்மணியிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "மெட்டாய் கம்பெனி பார்க்க வந்தேன், இந்தியாவிலிருந்து."

அவர் அடுத்த டேபிளைப் பார்த்துக் கத்தினார். "இங்க ஒருத்தர் உன் பழைய ஃபாக்டரியைத் தேடிட்டு வந்திருக்கார்!"

*

அடுத்த டேபிளில் இருந்த பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. நம்ம ஊர்ப் பாட்டிகள் 'கண்ணு' என்பதுபோல் வாக்கியத்துக்கு ஒரு 'லவ்' போட்டுப் பேசினார். ஸ்வான்ஸீயில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருத்தராவது மெட்டாயில் வேலை பார்த்திருப்பாராம். இவர் பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். சரியாக 1965.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். தூங்கிவிடாதீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

பிலிப் உல்மான் என்பவர் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தில் பொம்மைக் கம்பெனி நடத்திய யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு வந்து, நார்த்தாம்ப்டனில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் கம்பெனிதான் மெட்டாய். யுத்தத்துக்குப் பிறகு ஸ்வான்ஸீயில் தொழிற்சாலை. 1956-ல் கார்கி கார்கள். அன்று சந்தையில் ராஜா, லிவர்பூலில் தயாரான டிங்கி கார்கள். அதில் ஜன்னல் வெறும் ஓட்டையாக இருக்கும். கார்கி ஜன்னலுக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வைத்தது. 'ஜன்னல் வைத்த கார்கள்' என்றே விளம்பரம். பையன்கள் கட்சி மாற ஆரம்பித்தார்கள்.

1964-ல் 'கோல்டுஃபிங்கர்' படம் வந்தது. ஷான் கானரியைவிட அந்தக் காருக்கு ரசிகர்கள் அதிகம். கார்கிக்காரர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி-4 மாடலை மாற்றி, டிபி-5 ஆக்கி, 1965 அக்டோபரில் கடைக்கு அனுப்பினார்கள். பட்டனை அமுக்கினால் முன்னால் துப்பாக்கி நீளும். சைலன்ஸர் குழாயை அமுக்கினால் பின்னால் குண்டு துளைக்காத தகடு எழும்பும். அப்புறம் நம்ம ஆள். விலை ஒன்பது ஷில்லிங் பதினோரு பென்ஸ். பத்து ஷில்லிங்குக்கு ஒரு பென்னி கம்மி. நம்ம செருப்புக் கடை விலை மாதிரி!

படத்தில் கார் வெள்ளிக் கலர். பொம்மை ஏன் தங்கக் கலர்? வெள்ளி அடித்தால் 'பெயின்ட் அடிக்க மறந்துட்டாங்க' என்று ஜனங்கள் நினைப்பார்களாம். காரணம் இப்படித்தான் சொல்லப்படுகிறது. அந்த வருஷம் பிரிட்டனில் பொம்மைகளுக்கான பரிசும் இதற்குத்தான்.

"துத்தநாகக் கலவைதான், லவ்" என்றார் பாட்டி. "நானூறு டிகிரியில உருக்கி, எஃகு அச்சுக்குள்ள அடிப்பாங்க. ஒரு கண் சிமிட்டுறதுக்குள்ள கார் பாடி ரெடி. ஓரத்துல பிசிறு இருக்கும். கல்லோட சேர்த்து டிரம்ல போட்டு உருட்டினா போயிடும். அப்புறம் பெயின்ட். அதுக்கப்புறம்தான் எங்க வேலை. பெஞ்சு நிறையப் பொம்பளைங்க. ஒருத்தி ஜன்னல், ஒருத்தி ஸ்பிரிங், ஒருத்தி சக்கரம். கடைசியில அடித் தகட்டை வெச்சு ரிவெட் அடிச்சா, கதை முடிஞ்சது."

"நீங்க எது போட்டீங்க?"

பாட்டி டீயை ஒரு வாய் குடித்தார். "அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க ஓவர்டைம். நான் கொஞ்ச நாள் அந்தக் குட்டி ஆளை சீட்டுல உட்கார வெச்சேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாட்சிக் கூண்டில் ஏறியது போல் இருந்தது. கிணற்றுக் கதையைச் சொல்லிவிட்டேன். செல்வத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அதை மட்டும் லாகவமாக விட்டுவிட்டேன், பழைய பழக்கம்.

பாட்டி சிரித்தார். "எத்தனை பேரை உட்கார வெச்சிருப்பேன்! எல்லாரையும் நீங்கல்லாம் சேர்ந்து தொலைச்சிட்டீங்க. கம்பெனிக்கே தெரியும், பசங்க தொலைச்சிடுவானுங்கன்னு. அதான் பெட்டிக்குள்ள ரகசியக் கவர்ல ஸ்பேர் ஆள் ஒண்ணு வெச்சே அனுப்பினோம்."

ஸ்பேர் ஆளா! அந்தக் கவரை ரவி அண்ணன் என்ன செய்தாரோ?

"அப்புறம் ஏன் மூடினாங்க?"

"அமெரிக்காக்காரன் ஹாட் வீல்ஸ்னு கொண்டுவந்தான், விட்டா பறக்குற சக்கரம். நாங்களும் சக்கரத்தை மாத்தினோம். அப்புறம் பசங்களுக்கு வீடியோ கேம் வந்தது. கம்பெனி கம்ப்யூட்டரே செஞ்சு பார்த்தது."

நிஜம்தான். கம்ப்யூட்டர் ஆபீஸ் வாசகர்கள் குறித்துக்கொள்ளவும். 1982-ல் 'டிராகன் 32' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது இந்தப் பொம்மைக் கம்பெனியின் கிளைதான். பேரில் வேல்ஸ் நாட்டு டிராகன். ஆனால் டிராகனும் காப்பாற்றவில்லை. 1983-ல் மெட்டாய் திவால். கார்கி கைமாறிக் கைமாறி, 1989-ல் மாட்டெல் வாங்கி, பிற்பாடு உற்பத்தி ஸ்வான்ஸீயை விட்டே போய்விட்டது. 2008-ல் வாங்கியது யார் தெரியுமா? ஹார்ன்பி கம்பெனி. டிங்கியை ஆரம்பித்தாரே ஃபிராங்க் ஹார்ன்பி, அவர் பேரில் உள்ள கம்பெனி! டிங்கியை ஒழிக்க வந்த மருமகள் கடைசியில் ஹார்ன்பி வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டுவிட்டாள்.

கிளம்பும்போது பாட்டி கேட்டார். "அந்தக் கார் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அண்ணன்கிட்ட. ஷோகேஸ்ல. ஆள் இல்லாம."

"பசங்க விளையாடினதுதானே? அது போதும், லவ். இப்ப பெட்டியைப் பிரிக்காமலே வெச்சிருக்காங்களாமே. அதுக்கா நாங்க ஸ்பிரிங் வெச்சோம்?"

*

மறுநாள் ஞாயிறு. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு அரங்கில் பழைய பொம்மைச் சந்தை என்று நண்பர் அழைத்துப் போனார். நம்ம பழைய மூர் மார்க்கெட்டைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு உட்கார வைத்தது போல் இருந்தது. டேபிள் டேபிளாகக் கார்கள். பூதக்கண்ணாடியோடு ஐம்பது வயதுப் பையன்கள். ஒரு பெண் துணைக்கூட இல்லாமல் முந்நூறு ஆண்கள் ஓர் இடத்தில் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு டேபிளில் அவளைப் பார்த்தேன். அதே தங்கக் கலர். பெட்டி, கவர், எல்லாம் அப்படியே. இருநூற்று எழுபது பவுண்டு. பக்கத்தில் பெட்டி இல்லாமல், பெயின்ட் உதிர்ந்து, எங்கள் வீட்டுக் கார் மாதிரி இன்னொன்று. நாற்பது பவுண்டு.

"அப்போ அந்த அட்டைப் பெட்டிக்கு மட்டும் இருநூற்று முப்பதா?" என்றேன்.

"பெட்டியைத்தான் எல்லாரும் கிழிச்சுப் போட்டாங்க. அதான் விலை" என்றார் கடைக்காரப் பெரியவர். பெட்டியில் டூப்ளிகேட் வந்துவிட்டது. டயரில் டூப்ளிகேட். ஏமாறாமல் இருக்க அடித் தகட்டின் ரிவெட்டைப் பார்க்க வேண்டுமாம். பிரித்து மறுபடி பெயின்ட் அடித்த கார் என்றால் ரிவெட்டில் டிரில் போட்ட தழும்பு இருக்கும்.

நான் இந்தியா என்றதும் பெரியவர் உற்சாகமாகி, ஒரு ஜாகுவார் இ-டைப்பை எடுத்து நீட்டினார். "உங்க ஊர் சரக்கு!" திருப்பிப் பார்த்தேன். 'நிக்கி டாய்ஸ்'. டிங்கி கம்பெனி தன் பழைய அச்சுகளைக் கல்கத்தாவுக்கு விற்க, 1960-களின் கடைசியிலிருந்து அங்கே தயாரானவை. டிங்கி என்ற பேரை மாற்றி நிக்கி. பெயின்ட் கொஞ்சம் முன்னே பின்னே. அன்று மட்டமான சரக்கு என்று ஒதுக்கியதை, இன்று அபூர்வம் என்று தேடுகிறார்கள். நிஜ ஜாகுவார் கம்பெனியே 2008-ல் டாடாவிடம் வந்துவிட்டது. பொம்மை ஜாகுவார் நாற்பது வருஷம் முன்னாடியே வந்துவிட்டது, சார்!

பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். "அந்தக் குட்டி ஆள் மட்டும் கிடைப்பானா?"

பெரியவர் இரண்டு பிளாஸ்டிக் உறைகளை எடுத்து வைத்தார். "இது நகல். ரெண்டு பவுண்டு. இது அசல். இருபத்தஞ்சு."

இரண்டையும் உற்றுப் பார்த்தேன். ஒரே மூஞ்சி. ஒரே முறைப்பு. இருபத்து மூன்று பவுண்டு வித்தியாசம், அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், கண்ணுக்குத் தெரியவில்லை. கை தானாகவே நகலின் பக்கம் போனது. யாருக்குத் தெரியப் போகிறது?

'யாருக்குத் தெரியப் போகிறது' என்று கிணற்றடியிலும் நினைத்தது ஞாபகம் வந்தது.

அசலை வாங்கினேன். அந்தப் பாட்டியின் கை பட்ட ஆளாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஓவர்டைம் பார்த்த யாரோ ஒருத்தியின் கை நிச்சயம்.

*

பொங்கலுக்கு மாயவரம் போனேன். செல்வம் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிங்கரிங், பெயின்டிங் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். கீழே இரண்டு பையன்கள். முன்னால் ஒரு பழைய அம்பாஸடருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் போனால் பார்ப்போம், பேசுவோம். "நல்லா இருக்கியா?", "புள்ளைங்க என்ன படிக்குது?" அதற்கு மேல் போனதில்லை.

உறையைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவனுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"அன்னிக்கு இவனைக் கிணத்துல விட்டது நான்தான், செல்வம்" என்றேன். ரயிலில், பிளேனில், ஒத்திகை பார்த்த எந்த வசனமும் வரவில்லை.

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியும்ல. மிச்சம் நீதானே."

இந்தக் கணக்கு முப்பத்தாறு வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அப்பா 2011-ல போயிட்டாரு. நான் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், 'அடுத்தவன் சாமான்ல கை வெக்காதடா'ன்னு சொல்லித்தான் அனுப்புவாரு. எல்லா அப்பனும் சொல்றதுதான். ஆனா அவரு சொல்றப்ப எனக்கு அந்த டவுசர் பாக்கெட்தான் ஞாபகம் வரும். நீ அவருகிட்ட சொல்லியிருக்கணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அம்பாஸடர் மேல் உப்புத்தாள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"இப்ப சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். சொன்னேன். நங்கநல்லூரில் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "செல்வம் பக்கத்துல இருக்கானா? போனைக் குடு" என்றான். செல்வம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனோடு ஷெட்டுக்குப் பின்னால் போனான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

திரும்பி வந்து போனைக் கொடுத்தான். "அடுத்த மாசம் காரை எடுத்துட்டு வராராம். கூரை ஸ்பிரிங் லூஸா இருக்காம். பாத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்."

மனசு லேசாகி, பழக்க தோஷத்தில் உறையை எடுக்கக் கை நீட்டினேன். "அப்ப இவனை நான் அண்ணன்கிட்ட..."

செல்வம் அதற்குள் ஆளை எடுத்து, பில் புத்தகத்துக்குப் பக்கத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே உட்கார வைத்துவிட்டான்.

"அவன் இங்கேயே இருக்கட்டும். உன்கிட்ட குடுத்தா தொலைச்சிடுவே."